யானை வாங்கிக் கொடுத்த எஞ்சின்

டேவிட் ஷெப்பர்டின் யானைகளை நம்மில் பலர் ‘காலண்டர் படம்’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவோம். 1962இல் அவருடைய கிழட்டு யானைப் படம் ஒன்று அச்சாகி, இங்கிலாந்தின் பூட்ஸ் மருந்துக் கடைகளில் மாத்திரை, சோப்போடு சேர்ந்து விற்றது. ஸ்லேட் கலைப்பள்ளி இவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்திருந்தது. ஆக, ‘உயர் கலை’க்கு வெளியே நின்றவர். 2017 செப்டம்பர் 19 அன்று, 86 வயதில் இறந்த அவரை நாம் ஏன் நினைக்க வேண்டும்? அவர் காப்பாற்றியவை இரண்டு: காட்டு விலங்குகள், நீராவி எஞ்சின்கள். இந்த இரண்டும் ஒரே மனசுக்குள் எப்படிச் சேர்ந்தன என்பதில் ஒரு நூற்றாண்டின் வரலாறு இருக்கிறது.

வனக் காவலர் வேலை கேட்டுக் கென்யாவுக்குப் போனார், கிடைக்கவில்லை. பஸ் டிரைவராகிவிடலாமா என்றுகூட யோசித்தவரை, ராபின் குட்வின் என்ற ஓவியர் மூன்று வருஷம் தன்னிடம் வைத்துப் பழக்கினார். முதலில் வரைந்ததெல்லாம் ஆகாய விமானங்கள். 1960இல் பிரிட்டிஷ் விமானப்படை அவரைக் கென்யாவுக்கு அழைத்துப் போனபோது, விமானத்திலேயே உழலும் அந்த அதிகாரிகள் விமானப் படம் வேண்டாம், இந்த ஊர் மிருகத்தை வரையுங்கள் என்றார்கள். ஆப்பிரிக்க விலங்குகள் அவர் கைக்கு வந்தது இப்படித்தான், ராணுவத்தின் வழியாக. அதே வருஷம் இன்றைய தான்சானியாவில், விஷம் கலந்த நீர்க்குட்டையைச் சுற்றி 255 வரிக்குதிரைகள் செத்துக் கிடந்ததைப் பார்த்தார். காட்டுயிர்ப் பாதுகாப்பாளராக மாறிய தருணம் அதுதான் என்று சாகும்வரை சொல்லிவந்தார்.

1967இல் நியூயார்க்கில் கண்காட்சி. ஓவியங்கள் விற்ற பணத்தில் பிரிட்டிஷ் ரயில்வேயிடம் இரண்டு எஞ்சின்கள் வாங்கினார். யானை எஞ்சினை வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால் தப்பில்லை. அதில் ஒன்று, பிறகு ‘பிளாக் பிரின்ஸ்’ என்று பெயர்பெற்ற 92203. 1959இல் ஸ்விண்டனில் கட்டியது. எட்டே வருஷத்தில் கழித்துக் கட்டப்பட்டது. அந்த ரகத்தில் 251 எஞ்சின்களைக் கட்டி முடித்தது 1960இல். அதற்கு ஐந்தாண்டு முன்பே நீராவிக்கு முடிவுகட்டும் நவீனமயத் திட்டம் வந்துவிட்டது! 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதான பாதைகளில் நீராவி முற்றாக ஓய்ந்தது. ‘முன்னேற்றம்’ என்ற சொல்லாடல் எவ்வளவு உழைப்பையும் இரும்பையும் குப்பையில் கொட்டும் என்பதற்கு இந்த எஞ்சினே சாட்சி. சாமர்செட்டில் கிரான்மோர் என்ற இடத்தில் அதற்கு ஷெட் கட்டி, ஒரு சிறு ரயில்பாதையை உயிர்ப்பித்தார் ஷெப்பர்ட். 1982இல் அதே ‘பழைய இரும்பு’ ஒரு கல்குவாரியில் 2,178 டன் வண்டியை நகர்த்திக் காட்டியது.

சரி, இந்த இரண்டு காதலும் ஒன்றோடொன்று மோதவில்லையா? மோதத்தான் செய்கிறது. மோதும் இடம் ஜாம்பியாவின் மூலோபெசி. அங்கிருந்து லிவிங்ஸ்டன் வரை ஓடிய ரயில், தேக்குக் காட்டை வெட்டிச் சுமக்கப் போடப்பட்ட ரயில். அந்த மரம்தான் தென்னாப்பிரிக்கப் பகுதியின் இன்னும் பல பாதைகளுக்குத் தண்டவாளக் கட்டையாகப் போனது. ரயிலுக்காகக் காடு, காட்டுக்காக ரயில். ஷெப்பர்ட் தன் ஓவியங்களை விற்று, கள்ளவேட்டையைத் தடுக்க ஜாம்பியாவுக்கு ஒரு ஹெலிகாப்டர் வாங்கிக் கொடுத்தார். பதிலுக்கு அதிபர் கென்னத் கவுண்டா தந்த பரிசு என்ன தெரியுமா? மூலோபெசியில் கிடந்த, 1896இல் கிளாஸ்கோவில் செய்த ஒரு எஞ்சின். யானையைக் காத்ததற்கு, யானையின் காட்டைத் தின்ற எஞ்சின் பரிசு! இதை முரண் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் காலனியம் எதை அழித்ததோ, எதைக் கொண்டு அழித்ததோ, இரண்டுமே காலம் கடந்ததும் ஒரே ஏக்கத்தின் பொருள்களாகிவிடுகின்றன. அழிந்தது, அழித்தது என்ற வேறுபாட்டை அந்த ஏக்கம் துடைத்துவிடுகிறது. அவர் தூரிகையில் யானையின் தோலும் எஞ்சின் ஷெட்டின் புகையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம்.

துடைக்கப்படுவது அது மட்டுமில்லை, மனுஷரும்தான். அவர் வரிக்குதிரைகளைப் பார்த்ததற்கு ஒரு வருஷம் முன்பு, 1959இல், அதே நாட்டின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவிலிருந்து மாசாய் மேய்ப்பர்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். செத்த வரிக்குதிரைகளுக்கு எண்ணிக்கை இருக்கிறது. மேய்ச்சல் நிலம் போனவர்களுக்கு ஓவியம் இல்லை. 1973இல் ‘டைகர் ஃபயர்’ என்ற அவரது படத்தின் அச்சுப்பிரதிகள் 1,27,500 பவுண்டு திரட்டி, இந்தியப் புலிகளைக் காக்கும் முயற்சிக்குத் தந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய புலிகள் காப்புத் திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களில், நம் முதுமலையை ஒட்டிக் கிடக்கும் பந்திப்பூரும் ஒன்று. காட்டில் பிறந்தவர் காட்டுக்கே அத்துமீறியவர் ஆன கதை நமக்குப் புதுசில்லை. அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு சட்டம் சொல்வதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியேற்றங்களை ஷெப்பர்ட் செய்யவில்லை. ஆனால் அவருடைய நல்லெண்ணம் போய்ச் சேர்ந்த அமைப்புக்கு அந்த வரலாறு இருக்கிறது.

அப்படியானால் அவரைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். அரசும் ரயில்வேயும் கழித்துப் போட்டதைத் தன் கைக்காசில் எடுத்து நிறுத்தியவர். நாமோ நமது அச்சுக்கூடங்களை, ஆலைகளை, சங்கக் கட்டிடங்களைக் கண்ணெதிரே பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றவர்கள். கிரான்மோர் மாதிரியான பாதைகளில் தொண்டர்கள் பாய்லர் கழுவவும் கரி அள்ளிப் போடவும் கற்றுக்கொள்கிறார்கள். கூலிக்கு முதுகொடிந்த வேலை அங்கே ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாகிவிட்டது என்பது நெருடத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தக் கைப்பழக்கம் சாகாமல் இருக்கிறது, அது சின்ன விஷயமில்லை.

பாதுகாப்பது என்பதும் ஒரு அதிகாரம்தான்: எது மிஞ்ச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம். எஞ்சின் மிஞ்சியது, யானை ஓரளவு மிஞ்சியது. எஞ்சினுக்குக் கரி போட்டவனும் யானையோடு காட்டில் வாழ்ந்தவளும் இன்னும் சட்டகத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள். ஷெப்பர்டிடமிருந்து அந்தப் பிடிவாதத்தை எடுத்துக்கொள்வோம். சட்டகத்தை நாம் போட்டுக்கொள்வோம்.