படியெடுத்தவையே பிழைத்தன

இணையத்தில் எல்லாம் கிடைக்கின்றபோது நூலகம் எதற்கு என்று இன்று பலரும் வினவுகின்றனர். நெடுங்காலம் பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்ற வகையில், இதனை வரலாற்றின் துணைகொண்டு நோக்குவதே பயனுடையது என எண்ணுகின்றேன். ஏனெனில் இக்கேள்வி புதியதன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மாத்தளை மண்ணிலேயே இது வேறொரு வடிவில் எழுந்தது.

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில், பாறைக் குகைகளுக்கு நடுவே அமைந்திருக்கின்றது அலுவிகாரை. அதற்கும் வடக்கே இருப்பது பல்லேபொல பிரதேசம். கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் நாடு கொடும் பஞ்சத்தாலும் போர்களாலும் நிலைகுலைந்திருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தலைவர்கள் ஐவர் ஒருவர் பின் ஒருவராக அநுராதபுரத்தை ஆண்டதும் அக்காலத்திலேயே. அதுவரை திரிபிடகம் ஏட்டில் இருக்கவில்லை. பாணகர் எனப்பட்ட பிக்குகளின் நினைவிலேயே வாழ்ந்தது. பஞ்சத்தில் பிக்குகள் மாண்டபோது நூல்களும் அவர்களோடு மறையத் தொடங்கின. ஒரு கட்டத்தில் மகாநித்தேசம் என்ற நூலை முழுமையாக அறிந்தவர் ஒரேயொரு பிக்குவே என்ற நிலை ஏற்பட்டதாகப் பாளி உரைநூல் ஒன்று கூறுகின்றது. அவர் நல்லொழுக்கம் உடையவர் அல்லர் என்றும் அவ்வுரை சொல்கின்றது. ஆயினும் நூல் அழிந்துவிடக்கூடாதே என்று மூத்த தேரர் ஒருவர் அவரிடமே அதனைக் கற்றுக்கொண்டார்.

இந்த அச்சமே திரிபிடகத்தையும் அதன் உரைகளையும் எழுத்தில் வடிக்கச் செய்தது. எழுதப்பட்ட செய்தியை மகாவம்சம் பதிவுசெய்கின்றது. அவ்விடம் அலுவிகாரை என்பதைப் பிற்கால மரபு உரைக்கின்றது. ஏடு வந்தமையால் பாணகர் மரபு உடனே அற்றுப்போய்விடவில்லை. புதிய ஊடகம் பழையதை விரட்டவில்லை. அதற்குக் காவலாக நின்றது.

நாம் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் உண்மையொன்று உண்டு. பனையோலை ஏடு சில நூற்றாண்டுகளுக்குமேல் நிலைப்பது அரிது. பூச்சியும் ஈரமும் அதனைத் தின்றுவிடும். ஆகவே அன்று எழுதப்பட்ட ஏடுகள் எப்போதோ மண்ணோடு கலந்திருக்க வேண்டும். படியிலிருந்து படியாக எழுதியவர்களாலேயே நூல் நின்றது. 1848இல் புதிய வரிகளுக்கு எதிராக மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தபோது, அதனை அடக்கிய பிரித்தானியப் படையினரால் அலுவிகாரையின் ஏட்டுத் தொகுதி அழிக்கப்பட்டது. ஆனால் திரிபிடகம் அழியவில்லை. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அது பர்மாவிலும் சியாமிலும் இலங்கையின் பிற விகாரைகளிலும் படிகளாகப் பரவியிருந்தது. பர்மிய மன்னன் மிண்டன் 1860களில் மாண்டலேயில் 729 சலவைக் கற்பலகைகளில் அதனைப் பொறித்து வைத்தான்.

இவ்வளவு நற்பேறு யாழ்ப்பாணத்துக்கு வாய்க்கவில்லை. 1930களில் க. மு. செல்லப்பாவின் தனிமுயற்சியாகத் தோன்றி, 1959இல் தனக்கெனப் பெருங் கட்டடம் கண்ட யாழ். பொது நூலகம், 1981 மே 31 இரவு தொடங்கி எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சில் வந்து பல வீடுகளில் இருந்த நூல்களை மீண்டும் தேடிக்கொள்ள முடிந்தது. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையை நாம் இன்றும் வாசிக்கின்றோம். அதற்குக் காரணம் அதன் அச்சுப் படிகளே. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் போனவை போனவைதாம்.

அவ்வாறாயின் இணையம் வந்ததும் கவலை தீர்ந்ததா? இல்லை. 1990களின் பிற்பகுதியில் தமிழ் இணையப் பக்கங்கள் பாமினி, தகுதரம் என ஆளுக்கொரு எழுத்துருவில் வெளிவந்தன. அவற்றுள் பலவற்றை இன்றைய கணினியில் திறந்தால் புரியாத குறிகளே தெரிகின்றன. 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் அமைத்த பக்கங்கள் ஒரே நாளில் காணாமற்போயின. மாறாக, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைத் தகுதரத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டது. அதனால் அவை பிழைத்தன. ஏடு எழுதியவர் செய்த வேலைக்கும் இதற்கும் வேறுபாடில்லை. 2005இல் ஈழத்து நூல்களுக்கெனத் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டமும் யாழ்ப்பாணத்து நெருப்பு கற்பித்த பாடத்தையே செயலாக்கி வருகின்றது.

ஆகவே நூலகத்தின் பணி எதுவென்று கேட்டால், எங்கும் கிடைப்பதைக் குவித்துவைப்பது மட்டுமன்று என்பேன். தன் ஊரில் மட்டுமே இருப்பதைக் கண்டறிவதும், அதற்குப் படியெடுப்பதும், வருவோருக்கு விளக்கிச் சொல்வதுமே அதன் முதற்பணி. உலகக் கலைக்களஞ்சியம் கைத்தொலைபேசியில் இருக்கின்றது. பல்லேபொலயின் வரலாறு அங்கே எவ்வளவு இருக்கின்றது? சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் அப்பகுதிக் கிராமங்களில் ஓலையில் எழுதிய வைத்தியக் குறிப்புகளோ பழைய காணி உறுதிகளோ எஞ்சியிருக்குமாயின், அவற்றைக் கேட்டறியும் உரிமையும் நம்பிக்கையும் அவ்வூர் நூலகருக்கே உண்டு. தேடுபொறி எந்த வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை.

மாத்தளையின் தமிழருக்கு இது இன்னும் அவசரமான காரியம். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்த மக்களின் வரலாற்றில் பெரும்பகுதி அச்சேறவே இல்லை. தோட்டத்துச் செக்ரோல், கங்காணியின் கணக்குப் புத்தகம், கடன் சுமையை முதுகில் ஏற்றிய துண்டு, கோயில் திருவிழாப் பத்திரிகை, தாயகம் திரும்பியோர் எழுதிய கடிதம் ஆகியவையே அவர்களின் ஏடுகள். இவற்றுள் பல ஒரே படியாக, தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. பாட்டிமாரின் தாலாட்டும் ஒப்பாரியும் அந்தப் பெட்டியிற்கூட இல்லை. அன்றைய பாணகரைப்போல அவர்களின் நினைவிலேயே இருக்கின்றன.

ஒரு வருடியும், ஒலிப்பதிவுக்கு ஒரு கைத்தொலைபேசியும், பொறுமையுள்ள ஒரு நூலகரும் இருந்தால் இப்பணியைத் தொடங்கலாம். எடுத்த படியை ஓரிடத்தில் மட்டும் வைத்தல் ஆகாது. இன்னொரு நூலகத்திலும் இணையத்திலும் சேர்த்து வைத்தல் வேண்டும். ஒரு நூல் ஒரேயொருவர் நினைவில் எஞ்சியபோது அவரைத் தேடிச் சென்று கற்றுக்கொண்ட தேரரின் கடமையே இன்றைய நூலகரின் கடமையும். அக்கடமையைச் செய்யும் நூலகத்தைப் பார்த்து, நீ எதற்கு என்று எவரும் கேட்கப்போவதில்லை.