ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள்

ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் என்பவை வலி, காய்ச்சல், அழற்சி ஆகியவற்றைத் தணிக்கும் ஒரு மருந்துத் தொகுதி ஆகும். அழற்சி என்பது காயத்தாலோ நோயாலோ உடலின் ஒரு பகுதி சிவந்து, வீங்கி, சூடாகி, வலிப்பதைக் குறிக்கும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம், நிமெசுலைடு ஆகியன இத்தொகுதியைச் சேர்ந்தவை. மூட்டுவலி, பல்வலி, மாதவிடாய் வலி முதலியவற்றுக்கு இவை பயன்படுகின்றன. பாராசிட்டமால் வலியையும் காய்ச்சலையும் குறைத்தாலும் அழற்சியை அதிகம் குறைப்பதில்லை. எனவே அது பொதுவாக இத்தொகுதியில் சேர்க்கப்படுவதில்லை.

செயற்படும் முறை

உடலில் காயம் ஏற்படும்போது சைக்ளோ-ஆக்சிஜனேஸ் என்னும் நொதி, புரோஸ்டாகிளாண்டின்கள் எனப்படும் வேதிப்பொருட்களை உருவாக்குகின்றது. இவை வலியையும் வீக்கத்தையும் மிகுவிக்கின்றன. இம்மருந்துகள் அந்நொதியைத் தடுக்கின்றன. இதனை 1971 இல் விளக்கிய பிரித்தானிய மருந்தியலாளர் ஜான் வேன், 1982 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

இதே வேதிப்பொருட்கள் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கின்றன; சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தையும் பேணுகின்றன. ஆகவே இம்மருந்துகளின் பயனும் தீங்கும் ஒரே செயலிலிருந்து தோன்றுகின்றன.

பக்கவிளைவுகள்

வயிற்றெரிச்சல், இரைப்பைப் புண், குருதிக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்த உயர்வு ஆகியன முக்கியமானவை. உணவுக்குப் பின் உட்கொள்வது எரிச்சலைக் குறைக்கலாம். எனினும் குருதியில் கலந்த மருந்தும் நொதியைத் தடுப்பதால், புண் உண்டாகும் வாய்ப்பு அதனால் நீங்குவதில்லை. ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் இது பொருந்தும். கருநிற மலமும் இரத்த வாந்தியும் உட்குருதிக்கசிவின் அறிகுறிகளாகும். இவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இரைப்பையைப் பாதிக்காத வகையில் உருவாக்கப்பட்ட ரோஃபெகாக்சிப், மாரடைப்பு வாய்ப்பை மிகுவிப்பது தெரியவந்ததால் 2004 இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

பாதுகாப்பான பயன்பாடு

* குறைந்த அளவை, குறைந்த காலத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். மருத்துவர் அறிவுரையின்றி ஐபுப்ரோஃபெனைப் பெரியவர்கள் நாளொன்றுக்கு 1200 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ளலாகாது.
* இத்தொகுதியின் இரு மருந்துகளை ஒருசேர உட்கொண்டால் வலி நிவாரணம் பெரிதாகக் கூடுவதில்லை, தீங்கு கூடுகின்றது. வணிகப் பெயர்கள் வேறுபடினும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றாக இருக்கலாம் என்பதால், அட்டையிலுள்ள மருந்துப் பெயரைப் படிப்பது அவசியம்.
* சிறுநீரக நோய், இரைப்பைப் புண், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், முதியவர்களும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும்.
* கர்ப்பிணிகள், குறிப்பாக 20 ஆவது வாரத்துக்குப் பின், மருத்துவர் கூறினாலன்றி இவற்றைத் தவிர்க்க வேண்டும்.
* காய்ச்சலுள்ள குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தல் கூடாது. அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்கூட்டறிகுறிக்குக் காரணமாகலாம்.
* இதய நோய்க்காக மருத்துவர் பரிந்துரைத்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்துதலும் ஆபத்தானது.

டெங்குவும் வலி நிவாரணிகளும்

தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் பரவும் டெங்குக் காய்ச்சல் கடும் உடல்வலியைத் தருவதால், பலர் வலி மாத்திரையை நாடுகின்றனர். டெங்குவில் குருதித் தட்டுகள் குறைகின்றன. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவை தட்டுகளின் செயலையும் தடுத்துக் குருதிக்கசிவை மோசமாக்கக்கூடும். எனவே டெங்கு இல்லை என உறுதியாகும் வரை, பாராசிட்டமாலை மட்டும் உரிய அளவில் பயன்படுத்துமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

இந்தியாவில் கட்டுப்பாடுகள்

டைக்ளோஃபெனாக் மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத அட்டவணை எச் மருந்தாகும். கல்லீரலைப் பாதிக்கும் என்ற அச்சத்தால், 12 வயதுக்குட்பட்டோருக்கு நிமெசுலைடைப் பயன்படுத்துவது 2011 இல் தடைசெய்யப்பட்டது.

டைக்ளோஃபெனாக் செலுத்தப்பட்ட மாடுகளின் சடலங்களைத் தின்ற பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள், சிறுநீரகம் செயலிழந்து பெருமளவில் இறந்தன. இக்காரணம் 2004 இல் வெளியான ஆய்வில் நிறுவப்பட்டது. 2006 இல் இந்திய அரசு கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடைசெய்தது. மனிதர்க்கான பெரிய ஊசிமருந்துக் குப்பிகள் கால்நடைகளுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015 இல் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராக வரையறுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இக்கழுகுகள் எஞ்சியுள்ளன.