ஒன்றரையின் மிச்சம்



ஐந்தாம் ஆண்டு மாணவனைக் கூப்பிட்டு, 27ஐ 8ஆல் வகுக்கச் சொல்லுங்கள். "ஈவு 3, மிச்சம் 3, சார்!" என்று சட்டெனச் சொல்லிவிடுவான். நாமும் ஈவைத்தான் பார்ப்போம். மிச்சத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? கடையில்கூட ஓரிரு காசு மீதி என்றால் "பரவாயில்லீங்க, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால், இந்த மிச்சத்தின் பின்னால் உலகக் கணித மேதைகள் பலர் தலைமுறை தலைமுறையாக அலைந்திருக்கிறார்கள். அவர்களுள் முன்னணியில் நின்ற இருவர் நம் தமிழ்நாட்டவர். அந்த வரலாற்றைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கிக்கொண்டே போங்கள். 1.5, 2.25, 3.375, 5.0625, 7.59375, 11.390625 என்று வரும். இனி, புள்ளிக்கு முன்னால் உள்ள முழு எண்ணைக் கையால் மறைத்துவிடுங்கள். 0.5, 0.25, 0.375, 0.0625, 0.59375, 0.390625 என்று மிச்சங்கள் மட்டும் நிற்கும். 0 முதல் 1 வரை ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு மிச்சத்துக்கும் ஒரு புள்ளி வையுங்கள். முடிவே இல்லாமல் புள்ளி வைத்துக்கொண்டு போனால் அவை கோடு முழுவதும் சமமாகப் பரவுமா? அல்லது ஓரிடத்தில் கூட்டமாகவும் ஓரிடத்தில் வெறிச்சென்றும் கிடக்குமா?

"அட, இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். இதற்கு இன்றுவரை விடை தெரியாது!

நிற்க. இந்த மிச்சத்தால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 1770இல் எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயக் கணிதர் ஒரு கருத்தை வெளியிட்டார். எந்த முழு எண்ணை எடுத்தாலும் அதை நான்கு வர்க்கங்களுக்கு மிகாமலும், ஒன்பது கனங்களுக்கு மிகாமலும், பத்தொன்பது நாலாம் அடுக்குகளுக்கு மிகாமலும் கூட்டிப் பெறலாம் என்றார். உதாரணத்துக்கு 23ஐப் பாருங்கள். இரண்டு 8களும் ஏழு 1களும் சேர்ந்து 23. ஆக ஒன்பது கனங்கள். வர்க்கங்களைப் பற்றிய பகுதியை அதே ஆண்டில் லாக்ராஞ்ச் நிரூபித்தார். எந்த அடுக்கை எடுத்தாலும் இப்படி ஓர் எல்லை உண்டு என்பதை 1909இல் ஹில்பர்ட் நிறுவினார். ஆனால், அந்த எல்லை சரியாக எத்தனை?

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 2இன் ஆறாம் அடுக்கு 64. 3இன் ஆறாம் அடுக்கு 729. 729ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 11, மிச்சம் 25. பதினொரு 64 சேர்ந்தால் 704. அதில் ஒன்று குறைத்து 703 என்ற எண்ணை எடுங்கள். அது 729க்கும் குறைவு. ஆகவே 64ஐயும் 1ஐயும் வைத்தே அதைக் கட்ட வேண்டும். பத்து 64 போக, பாக்கி அறுபத்து மூன்று 1கள். மொத்தம் 73. குறைந்தது 73 வேண்டும் என்பது இதனால் தெளிவு. எல்லா எண்களுக்கும் 73 போதுமா என்பதுதான் கடினமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை கண்டவர் சு. சி. பிள்ளை என்ற சிவசங்கரநாராயண பிள்ளை. குற்றாலத்துக்கு அருகே வல்லம் என்ற கிராமத்தில் 1901இல் பிறந்தவர். பிறந்த மறு ஆண்டே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் மறைந்தார். "இனி படிப்பு எதற்கு?" என்ற நிலை. அப்போது பொருளுதவி செய்து அவரைத் தூக்கி நிறுத்தியவர் சாஸ்திரியார் என்ற ஆசிரியர். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிப் படிப்பை முடித்து, சென்னையில் ஆராய்ச்சி செய்து, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார் பிள்ளை.

1930களின் நடுவில் சிதம்பரத்தில் பிள்ளையும் அமெரிக்காவில் டிக்சனும், ஒருவரை ஒருவர் சாராமல், உயர்ந்த அடுக்குகளுக்கு வாரிங் கேள்வியின் விடையைக் கண்டார்கள். அதன் சாரம் இதுதான்: 3இன் அடுக்கை 2இன் அடுக்கால் வகுத்து, ஈவையும் மிச்சத்தையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 2இன் அடுக்கை மிஞ்சாவிட்டால், மேலே 703க்குச் செய்த கணக்கே சரியான எல்லையைத் தந்துவிடும். ஆறாம் அடுக்கில் 11ம் 25ம் சேர்ந்து 36தான், 64ஐ மிஞ்சவில்லை. அதாவது, ஒன்றரையின் மிச்சம் 1ஐ மிக நெருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும். நாம் தூக்கியெறியும் மிச்சமே தீர்ப்புச் சொல்கிறது பார்த்தீர்களா? தனியே முரண்டு பிடித்த ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்பதையும் 1940இல் பிள்ளையே நிரூபித்தார்.

மிச்சங்கள் எப்படிப் பரவுகின்றன என்பதைத் தனித் துறையாகவே வளர்த்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் வைல். 2இன் வர்க்கமூலத்தை 1, 2, 3 என்று பெருக்கிக்கொண்டே போனால் மிச்சங்கள் கோடு முழுவதும் சமமாகப் பரவும் என்பது 1916இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அடங்கும். ஓர் எண்ணைத் திரும்பத் திரும்பத் தன்னாலேயே பெருக்கினால் என்ன ஆகும்? பெரும்பாலான எண்களுக்கு மிச்சங்கள் சமமாகவே பரவும் என்று 1935இல் கோக்ஸ்மா காட்டினார். ஆனால், ஒன்றரை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் சேராத எண்களும் உண்டு. 2இன் வர்க்கமூலத்தோடு 1ஐக் கூட்டி அடுக்குப் போட்டால் 14.071, 33.971, 82.012, 197.995 என்று முழு எண்களையே போய் ஒட்டிக்கொள்ளும்! இத்தகைய எண்களுக்குப் பிரான்சின் பிசோ, தமிழ்நாட்டின் தி. விஜயராகவன் ஆகிய இருவர் பெயரும் சூட்டப்பட்டுள்ளது. விஜயராகவன் ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்றவர். ஒன்றரையின் மிச்சங்கள் ஏதோ சில இடங்களை மட்டும் சுற்றிக் குவிவதில்லை, அவை குவியும் இடங்கள் எண்ணற்றவை என்று 1940இல் அவர் நிரூபித்தார்.

1950இல் பிள்ளைக்கு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வுக் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டார். ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோ அருகே விமானம் விபத்துக்குள்ளாகி மாண்டார். வயது 49.

அவர் விட்டுச்சென்ற மிச்சத்தைப் பிறர் தொட்டார்கள். பிள்ளையின் நிபந்தனை தவறக்கூடிய இடங்கள் இருந்தாலும் அவை எண்ணி முடிக்கக்கூடியவையே என்று 1957இல் மாலர் நிரூபித்தார். ஆனால், எந்த இடத்துக்கு மேல் தவறவே தவறாது என்று அவர் வழி சொல்லாது. ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று 1964இல் சீனாவின் சென் ஜிங்ருன் காட்டினார். நாலாம் அடுக்குக்கு 19 என்று 1986இல் இரண்டு பிரெஞ்சுக் கணிதரோடு சேர்ந்து காட்டியவர், பின்னாளில் சென்னையில் நெடுங்காலம் பணியாற்றிய பாலசுப்பிரமணியன். 1990இல் கணினியின் துணையோடு 471 மில்லியன் அடுக்குகளுக்கு மேல் சோதித்தார்கள், ஓரிடத்திலும் தவறவில்லை. அப்படியானால் முடிந்தது என்று சொல்லலாமா? கூடாது. எத்தனை மில்லியன் பார்த்தாலும் அது சோதனைதான், நிரூபணம் ஆகாது.

மாணவமணிகளே, ஒன்றரையின் கேள்வி இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஏழாம் அடுக்கில் மிச்சம் 0.0859375 வரும், எட்டாவதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பெற்றோர்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளைக் கண்டு மகிழ்கிறோம். கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகளை "மிச்சம்" என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். வல்லத்துப் பையனையும் ஒருநாள் உலகம் அப்படித்தான் ஒதுக்க இருந்தது. ஓர் ஆசிரியர் விடவில்லை. நாமும் விடலாகாது.