ஸ்னோஷூ வாங்கப் போறீங்களா? ஷூ சைஸ் இல்ல, உங்க எடைதான் முக்கியம்!

காலில் டென்னிஸ் மட்டை மாதிரி ஒன்றைக் கட்டிக்கிட்டு பனியில் நடக்கும் போட்டோவைப் பார்த்திருப்பீங்க. அதுதான் ஸ்னோஷூ. கனடாவில் குளிர்கால நடைபாதைகளில் வார இறுதியில் சும்மா நடந்துட்டு வர, முதல் ஜோடி வாங்குறவங்க எதைக் கவனிக்கணும்? பார்க்கலாம்.

ஸ்னோஷூ என்ன செய்யுது?

சாதாரண பூட்ஸ் போட்டு ஆழமான பனியில் நடந்தால், முழங்கால் வரை கால் புதையும். ஸ்னோஷூ உங்கள் எடையை அகலமான பரப்பில் பரப்புவதால் புதைவது குறையும். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் மரச்சட்டத்தில் தோல் வார் பின்னிச் செய்த இந்தக் காலணி, இப்போ அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் வருது.

எந்த அளவு வாங்கணும்?

அளவைத் தீர்மானிப்பது மொத்த எடை. அதாவது உடல் எடை + குளிர் உடை + பூட்ஸ் + முதுகுப்பை. பொதுவான கணக்கு இது:

• 21-22 அங்குலம்: சுமார் 150 பவுண்டு வரை
• 25 அங்குலம்: சுமார் 200 பவுண்டு வரை
• 30 அங்குலம்: சுமார் 250 பவுண்டு வரை

உதாரணமா, உங்க எடை 70 கிலோ, உடையும் பூட்ஸும் 3 கிலோ, பை 5 கிலோ என்றால் மொத்தம் 78 கிலோ. ஒரு கிலோ 2.2 பவுண்டு என்பதால் சுமார் 172 பவுண்டு. உங்களுக்கு 25 அங்குலம் போதும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். லேபிளைப் பார்த்துட்டு வாங்குங்க.

பெருசா வாங்கினா நல்லதுதானே?

இல்லை. பெரிய ஸ்னோஷூ கனமா இருக்கும். ஒரு கால் மேல் இன்னொரு காலை வைத்துத் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம். பலர் நடந்து பனி இறுகிய பாதைக்கு, உங்க எடையைத் தாங்கும் சின்ன அளவே நல்லது. யாரும் நடக்காத புதுப் பனிக்குத்தான் பெரிய அளவு தேவை.

கடையில் என்ன பார்க்கணும்?

• காலைப் பிடிக்கும் பட்டை: உங்க குளிர்கால பூட்ஸையே போட்டுட்டுப் போங்க. கையுறையோடு பட்டையை மாட்டிக் கழற்ற முடியுதா பாருங்க. கடும் குளிரில் கையுறையைக் கழற்றி நிற்கிறது ஆபத்து.
• அடிப்பற்கள்: முன்பாதத்தின் கீழும் குதிகாலின் கீழும் உலோகப் பற்கள் இருந்தால் வழுக்குவது குறையும்.
• குதிகால் கம்பி: ஏற்றத்தில் குதிகாலைத் தாங்கும். சமதளத்தில் நடப்பவர்களுக்கு இது தேவையில்லை.

உண்மையிலேயே தேவையா?

கணுக்கால் அளவுகூடப் பனி இல்லாத பாதைக்கு ஸ்னோஷூ வேண்டாம். இறுகி ஐஸ் ஆன பாதை என்றால் பூட்ஸில் மாட்டும் ஸ்பைக்ஸ் போதும். முதல் ஒன்றிரண்டு முறை வாடகைக்கு எடுத்து நடந்து பாருங்க. பிடித்தால் வாங்கலாம்.

இதை மறக்காதீங்க

ஸ்னோஷூ போட்டுட்டா எங்கேயும் போகலாம்னு அர்த்தம் இல்லை. உறைந்த ஏரி உடையலாம். மலைச்சரிவில் பனிச்சரிவு வரலாம். சமதளத்துக்கான ஸ்னோஷூவோடு செங்குத்தான சரிவில் ஏற வேண்டாம். டிசம்பரில் டொரண்டோவில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதனால் காலையிலேயே கிளம்புங்க. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீங்க என்பதை வீட்டில் சொல்லிட்டுப் போங்க.