துளிப் பெற்றோலும் மிதவை ஊசியும்

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. பெற்றோல், பற்றரி, உரம், சீமெந்து என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலும் நீண்டது. அந்த ஆண்டுகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். பதுங்கு குழியும் கிளாலிக் கடற்பயணமும், சைக்கிள் டைனமோவில் கேட்ட வானொலியும், ஜாம் போத்தல் விளக்கில் படித்த பாடமும் நம் நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. கிணற்றடியில் நின்ற இறைப்பு மிசினைப் பற்றிய பேச்சு மட்டும் குறைவு. ஆனால் குடாநாடு சாப்பிட்டதில் ஒரு பங்கு அந்த மிசினின் காபரேற்றர் வழியாகத்தான் வந்தது.

குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம் கிணற்றை நம்பிய பயிர்கள். முன்னர் துலா மிதித்து இறைத்தார்கள். மேலே ஆட்கள் துலாவில் முன்னும் பின்னும் நடப்பார்கள். கீழே ஒருவர் நீரை வாய்க்காலில் ஊற்றுவார். பிறகு மிசின் வந்தது, அந்த ஆட்பலத்துக்கான தேவை போனது. 1990இல் மின்சார மோட்டார்கள் ஓய்ந்ததும் எஞ்சியது மண்ணெண்ணெய் மிசின்தான். மண்ணெண்ணெயும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில், பல மடங்கு விலையில்தான் கிடைத்தது. பிள்ளையின் விளக்குக்கும் தோட்டத்தின் தண்ணீருக்கும் ஒரே போத்தலில் இருந்துதான் பங்கு.

இந்த மிசின்களில் பலவற்றுக்கு இரண்டு தாங்கிகள் இருந்தன. சிறியதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெற்றோலில் தொடங்கி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலில் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். அடுத்த நாள் தொடங்குவதற்கு காபரேற்றர் கிண்ணத்தில் பெற்றோல் நிற்க வேண்டும் என்பதே காரணம். பெற்றோலே இல்லாத ஊரில் இந்த ஒழுங்கு முழுதும் குலைந்தது.

காபரேற்றர் என்ற கருவியின் வரலாறும் இதே பிரச்சினையைச் சுற்றித்தான் வளர்ந்தது: திரவ எரிபொருளைக் காற்றோடு கலப்பது எப்படி, அளவு மீறாமல் கொடுப்பது எப்படி? ஜேர்மனியில் வில்ஹெல்ம் மைபாக், ஹங்கேரியில் டொனாட் பாங்கி, யானோஷ் சொங்கா ஆகியோர் 1893 அளவில் எரிபொருளைத் தூவும் காபரேற்றர்களை உருவாக்கினார்கள். கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கும். எரிபொருள் ஏறும்போது மிதவையும் ஏறி, ஒரு சிறு ஊசியால் வாசலை அடைக்கும். மட்டம் இறங்கினால் வாசல் திறக்கும். நம் தோட்டத்து மிசினிலும் இந்த ஏற்பாடுதான் இருந்தது.

எரிபொருள் நிரம்பி எஞ்சின் மூச்சுத் திணறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ஊசி வாசலை அடைக்காமல் எரிபொருள் அளவுக்கு மேல் வருவது. ஊசியில் தூசி இருக்கலாம், ஊசி தேய்ந்திருக்கலாம், மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே திரவம் ஆடும் சத்தம் கேட்கும். சுடுநீரில் அமிழ்த்தினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். இரண்டாவது, சரியான அளவில் வந்த எரிபொருள் ஆவியாகாமல் இருப்பது. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே உள்ளே போய் பிளக்கை நனைத்துவிடும். சோக்கை இழுத்துக் கயிற்றை இழுக்க இழுக்க நிலைமை மோசமாகும். எரியாத எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, கீழே இருக்கும் எஞ்சின் ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும்.

வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: நனைந்த பிளக், தொடங்காத மிசின். மென்பொருளில் பிழை தேடுகிறவர்களுக்கு இந்த நிலைமை பழக்கமானது. ஒரே அறிகுறிக்குப் பின்னால் வேறு வேறு காரணங்கள் இருக்கும். தடைக்கால விவசாயி எதிர்கொண்டது பெரும்பாலும் இரண்டாவதை. அதற்கு ஊசியை மாற்றிப் பயனில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து, அது இல்லாமலே கயிற்றைச் சில தடவை இழுத்து உள்ளே நின்ற எண்ணெயை வெளியேற்றி, கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து வடித்துவிட்டு, மருந்துப் போத்தலில் பொத்திவைத்திருந்த பெற்றோலில் சில துளி விட்டுத் தொடங்குவார்கள். அந்தத் துளிகள் எரிந்து முடிவதற்குள் எஞ்சின் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ள வேண்டும். வாடகைக்கு ஓடிய மொறிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் இப்படித்தான் புகை கக்கியபடி ஓடின. பெற்றோலின் அலகு அங்கே லீற்றராக இல்லை, துளியாக இருந்தது.

கனடாவில் வசந்தம் வந்ததும் கராஜிலிருந்து வெளியே வரும் புல்வெட்டும் மிசினுக்கு வருவது பெரும்பாலும் வேறு நோய். குளிர்காலம் முழுதும் தாங்கியில் நின்ற பெற்றோலின் இலகுவான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசினாகி ஊசியில் ஒட்டிக்கொள்ளும். அது அடைத்தபடி ஒட்டினால் எரிபொருள் வராது. திறந்தபடி ஒட்டினால் வழியும். பெற்றோல் மணம் அடித்து, காபரேற்றரின் கீழே ஈரம் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஊசியையும் மிதவையையும்தான். இந்த அறிவுக்கும் காலம் குறுகிக்கொண்டே வருகிறது. கலிபோர்னியாவில் 2021இல் இயற்றிய சட்டத்தின் வழியே, 2024 முதல் புதிதாகத் தயாரிக்கும் புல்வெட்டி போன்ற சிறு எஞ்சின்களில் பெரும்பாலானவை புகையே வெளியிடக்கூடாது என்று ஆகிவிட்டது. பற்றரி மிசினில் நிரம்பி வழிய எதுவும் இல்லை.

அன்று அந்த மிசின்களைக் கையாண்டவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்து ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். ஒரு சமூகம் முற்றுகைக்குள் எப்படித் தண்ணீர் இறைத்தது என்பதற்கான சான்று அவர்களுடைய கைகளில்தான் இருக்கிறது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அலைபேசியில் பதிவை அழுத்திவிட்டுக் கேளுங்கள்: எத்தனை துளி விட்டீர்கள்? காபரேற்றரிலா, பிளக் ஓட்டையிலா? மண்ணெண்ணெயோடு வேறு என்ன கலந்தீர்கள்? மிதவை ஓட்டையானபோது எதால் அடைத்தீர்கள்? ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் எத்தனை பாத்திக்குத் தண்ணீர் போனது?