அப்பா எங்கே பிறந்தார்?

அமெரிக்காவின் மக்கார்த்தி காலத்தைப் பற்றி வகுப்பில் பேச நேரும்போதெல்லாம் மாணவிகள் அதைத் தூரதேசத்துக் கதையாகத்தான் கேட்கிறார்கள். அரசு ஊழியருக்கு விசுவாசப் பரிசோதனை, கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்திலேயே ஆசிரியர்களுக்கு வேலை போனது, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தே பயந்தது. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து லைன் வீடுகளிலிருந்து வரும் பெண்களும் அந்த வகுப்பில் இருப்பார்கள். உங்கள் பாட்டிகள் இந்த மலைக்கு வந்து சேர்ந்ததற்கு அதே பயமும் ஒரு காரணம் என்று சொன்னால்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

இலங்கைத் தோட்டத் துரைமாரின் சிவப்புப் பயம் மக்கார்த்திக்கு முந்தையது. பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் 1936இல் மடுல்கெலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குத் தொழில் பழக வந்தார். தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் தோட்டத் தொழிலாளர் கூட்டம். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய அங்கே பேசினார். அந்த மேடையில்தான் என்.எம். பெரேரா, பிரேஸ்கேர்டிலை வெள்ளைத் தோழர் என்று அறிமுகப்படுத்தினார். ஒரு வெள்ளைக்காரரே துரைமாரைக் கண்டித்துப் பேசியதைக் கூலிகள் கேட்டுவிட்டார்கள்! கவர்னர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நான் படித்த வரையில் அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

தோட்டம் தனியார் சொத்து. அனுமதியில்லாமல் சங்கக்காரர் உள்ளே வந்தால் அத்துமீறல். காலைப் பிரட்டு முதல் மாலை நிறுவை வரை கங்காணியின் கண்ணும் கணக்கப்பிள்ளையின் பேரேடும் போதாதென்று, லயத்துக்கு யார் வந்து போகிறார்கள் என்பதும் துரையின் கவலையாயிற்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதே ஆண்டுகளில் மீனாட்சியம்மாள் கணவர் நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டுப் பாடியே கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

1947 பொதுத்தேர்தலில் மலையகத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. அது போட்டியிடாத பல இடங்களில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. டி.எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95 இடங்களில் 42 மட்டுமே. இந்த வாக்கை வெட்டிவிட்டால் இடதுசாரிகளின் வேரில் பாதி போய்விடும் என்ற கணக்கு அப்போதே போடப்பட்டது. கண்டிச் சிங்களவரின் நிலப் பிரச்சினையும் இனவாதமும் இதில் சேர்ந்தேயிருந்தன. பயம் ஒன்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் வரலாறு சுலபமாகிவிடும், உண்மையாகாது.

1948இன் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தைப் பெண்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். இலங்கையிலேயே பிறந்தவளாக இருந்தாலும் போதாது. அவளுடைய அப்பா அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும். திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு அம்மா பிறந்த இடம் கணக்கிலேயே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து அந்த மண்ணில் பிள்ளை பெற்றவர்களின் சாட்சி ஒரு தாளுக்கும் ஆகவில்லை. தாத்தாவின் பிறப்புப் பதிவுக்குக் கூலி லயத்தில் எங்கே போவது?

அடுத்த ஆண்டு, இந்திய பாகிஸ்தானிய வதிவோருக்கென்று இன்னொரு சட்டம். விண்ணப்பிக்கலாம், ஆனால் தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும். மணமானவருக்கு ஏழு ஆண்டு. மணமாகாதவருக்கும், துணையை இழந்தவருக்கும், மணவிலக்குப் பெற்றவருக்கும் பத்து ஆண்டு. தாலி இருந்தால் மூன்று ஆண்டு தள்ளுபடி! எந்த அதிகாரியின் மேசையில் இந்தக் கணக்கு பிறந்ததோ, அவர் மனத்தில் தனித்து வாழும் பெண் எப்படிப்பட்டவளாக இருந்தாள் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதே 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. குடிமகள் இல்லையென்றால் வாக்கும் இல்லை.

1948இல் இடதுசாரிகள் இதை எதிர்த்தார்கள். ஆனால் 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது சமசமாஜக் கட்சி சிறிமாவின் அரசில் இருந்தது. நாவலப்பிட்டி மேடையில் நின்ற அதே என்.எம். பெரேரா நிதியமைச்சர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் பின்னர் டான்டீ ஆயிற்று. காட்டைத் தேயிலையாக்கிய கைகளில் பெரும்பாதி பெண்களுடையவை. ஊர்க்காரர்களுக்கு அவர்கள் சிலோன்காரர்கள். அங்கே இந்தியக்காரர்களாக இருந்தவர்கள்தான். ஓய்வுபெற்றதும் லைன் வீட்டைக் காலிசெய்யச் சொன்னால் எங்கே போவது என்ற கேள்வி இன்றைக்கும் அவர்கள் வாசலில் நிற்கிறது.

சென்ற ஆண்டு ஒரு மாணவி இந்தச் சட்டப் பிரிவை வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவளுடைய பூட்டி விதவை. பத்து ஆண்டுக் கணக்கில் விழுந்தவள். அம்மாயி கேட்டுவிட்டு, தகரப் பெட்டியிலிருந்து குடும்ப அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் கழித்து ஒன்றுதான் கேட்டாராம்: "எங்கம்மா எங்க பொறந்தான்னு அவங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே?"