எழுந்து நின்றால் படபடப்பு: ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

காலை இறைவணக்கத்தில் வரிசையில் நிற்கும்போது பிள்ளைகள் மயங்கி விழுவதை எல்லாப் பள்ளியிலும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் காலையில் சாப்பிடாமல் வந்ததுதான் காரணம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தால் தெளிந்துவிடும். ஆனால் சிலருக்கு நிற்கும்போதெல்லாம், மாதக்கணக்கில், கிறுகிறுப்பும் படபடப்பும் வரும். சீசன் நேரத்தில் மெயின் அருவிக் கூட்டத்தில் நிற்க முடியாது. காசி விசுவநாதர் கோயிலில் தீபாராதனை முடியும்வரை நிற்க முடியாது. அடுப்படியில் நாலு தோசை சுட முடியாது. படுத்தால் சரியாகிவிடும். ஈசிஜி நார்மல், இரத்தப் பரிசோதனையும் நார்மல். அதன்பிறகு வீட்டில் என்ன பேச்சு வரும் என்பது உங்களுக்கே தெரியும்: “நடிக்கா”, “வேலைக்குக் கள்ளம்”, “கல்யாணம் முடிஞ்சா எல்லாம் சரியாப்போகும்”.

பழைய மாணவி ஒருத்தி தன் மகளுக்கு ‘போட்ஸ்’ என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாள். போஸ்ச்சுரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டேக்கிகார்டியா சிண்ட்ரோம் என்பதன் சுருக்கம் அது. “இதில் பல வகை உண்டாமே சார், அது என்ன?” என்று கேட்டிருந்தாள். நான் வரலாறு நடத்தியவன், வைத்தியன் இல்லை. ஆகவே வரலாறாகவே சொல்கிறேன்.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. அது அங்கேயே தேங்கிவிடாதபடி நரம்புகள் இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும், இதயமும் சற்று வேகமாக அடிக்கும். போட்ஸ் உள்ளவர்களுக்கு நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் ஏறிவிடும். 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு 40. ஆனால் இரத்த அழுத்தம் பெரிதாக இறங்காது.

இதைப் போன்ற தொல்லையை முதலில் விரிவாக எழுதி வைத்தவர் ஜேக்கப் மென்டிஸ் டா காஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பும் களைப்புமாக வந்த 300-க்கும் மேற்பட்ட சிப்பாய்களைக் கவனித்து 1871-இல் கட்டுரை வெளியிட்டார். நாடித்துடிப்பு படுக்கும்போது ஒரு மாதிரியும் நிற்கும்போது வேறு மாதிரியும் இருப்பதைக் குறித்திருக்கிறார். பலருக்குக் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பிறகே இது தொடங்கியது என்றும் எழுதினார்.

முதல் உலகப்போரில் மறுபடியும் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் இப்படி வந்தார்கள். தாமஸ் லூயிஸ் 1918-இல் இதற்காக ஒரு புத்தகமே எழுதினார். 1941-இல் பால் வுட் என்ற புகழ்பெற்ற இதய மருத்துவர், இது இதய நோயே அல்ல, மனப் பதற்றம்தான் என்று வாதிட்டார். பெரியவர் சொன்னால் மறுபேச்சு உண்டா? அந்த முத்திரை பல ஆண்டுகள் நீடித்தது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 4,835 நோயாளிகளிடம் கேட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கினரிடம் ‘இது மனசு சம்பந்தப்பட்டது’ என்றுதான் மருத்துவர்கள் முதலில் சொல்லியிருந்தார்கள்.

1993-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரொனால்ட் ஷோண்டார்ஃப், ஃபிலிப் லோ இருவரும் இந்த நோயை இன்றைய பெயரில் வரையறுத்து எழுதினார்கள். நாடியை எண்ணிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று ஆனது. அடுத்த கேள்வி, நாடி ஏன் ஏறுகிறது என்பது. பதில் ஒன்றாக இல்லை.

2000-ஆம் ஆண்டில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு ஆய்வுகள் வெளியாயின. ஒன்றில், சில நோயாளிகளுக்குக் கால்களில் உள்ள நுண்ணிய நரம்புகள் சரியாக வேலை செய்யவில்லை, கைகளில் பழுதில்லை என்று தெரிந்தது. குழாய்கள் இறுகாததால் இரத்தம் காலில் தேங்குகிறது. இது நரம்புப் பழுது வகை. மற்றொன்று ஓர் இரட்டைச் சகோதரிகளைப் பற்றியது. நரம்பிலிருந்து வெளிவரும் நார்அட்ரினலினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் புரதத்தின் மரபணுவில் அவர்களுக்குக் கோளாறு. இந்த மரபணுக் கோளாறு மிக அபூர்வம். ஆனால் வேறு காரணங்களால் நார்அட்ரினலின் மிகுந்து படபடப்பும் நடுக்கமும் வருவோர் உண்டு. அது இன்னொரு வகை. 2005-இல் சதீஷ் ராஜ் குழுவினர், பலருக்கு உடலில் இரத்தத்தின் மொத்த அளவே குறைவாக இருப்பதையும், உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் அந்தக் குறைவுக்கு ஏற்றபடி கூடவில்லை என்பதையும் காட்டினார்கள். இது மூன்றாவது வகை.

உடலின் எதிர்ப்பு சக்தியே ஏற்பிகளைத் தாக்குகிறதோ என்ற சந்தேகமும் 2014 வாக்கில் வலுத்தது. ஆனால் 2022-இல் வந்த ஆய்வில், வழக்கமான பரிசோதனை முறையில் பார்த்தபோது நோயாளிகளுக்கும் ஆரோக்கியமானவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு உலகமெங்கும் இந்த நோய் கூடியபோது, காய்ச்சலுக்குப் பின் வருகிறது என்று டா காஸ்டா எழுதியது மறுபடி கவனத்துக்கு வந்தது.

வகை பிரிப்பதால் என்ன லாபம்? வைத்தியம் மாறுகிறது. இரத்த அளவு குறைந்தவருக்கு நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் நல்ல துணை. காலில் இரத்தம் தேங்குபவருக்கு வயிற்றையும் காலையும் இறுக்கும் உறை உதவும். நார்அட்ரினலின் மிகுந்தவர்களில் சிலருக்கு நிற்கும்போது இரத்த அழுத்தமே ஏறும். அவருக்கு உப்பைக் கூட்டினால் கெடுதலாகலாம். அந்த வகையினர் 22 பேரிடம் ஐவாப்ரடின் மாத்திரையைச் சோதித்து, நல்ல பலன் கிடைத்ததாக 2021-இல் வெளியிட்டார்கள். ஒருவருக்கே இரண்டு வகையும் கலந்து இருப்பதும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட வைத்தியம் உங்கள் பிள்ளைக்கும் கேட்கும் என்று நினைக்காதீர்கள்.

வீட்டில் யாருக்காவது இந்தத் தொல்லை இருந்தால், 10 நிமிடம் படுக்க வைத்து நாடியை எண்ணுங்கள். பிறகு நிற்க வைத்து, பக்கத்திலேயே இருந்து, 10 நிமிடம் வரை எண்ணி எழுதுங்கள். மயக்கம் வந்தால் உடனே படுக்க வைத்துவிடுங்கள். அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். இரத்தசோகை, தைராய்டு இரண்டையும் முதலில் பார்த்துவிடச் சொல்லுங்கள். உப்போ மாத்திரையோ அவர் சொன்ன பிறகுதான்.

‘நிக்க முடியல’ என்று ஒரு பிள்ளை சொன்னால், நடிக்கிறாள் என்று முடிவு கட்டும் முன் நாடியைப் பிடித்துப் பாருங்கள். அதற்கு ஒரு கடிகாரம் போதும்.